தனக்குரிய தொழிலைத் தேர்தல்: உ.வே.சா. வாழ்வு தரும் பாடம்

முன்னுரை

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தவுடன் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே வினா எழுகின்றது. 'பிள்ளையை எதில் சேர்ப்பது?' என்பதே அது. பொறியியலா, மருத்துவமா, வணிகவியலா, தந்தையின் கடையா, வளைகுடா நாட்டு வேலையா என்று பெரியோர் கூடிப் பேசுவர். அந்தப் பேச்சில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. ஆயினும் இலக்கணக் கண்கொண்டு நோக்கின் அத்தொடரில் ஒரு குறை புலப்படும். பிள்ளை அங்கே செயப்படுபொருளாக நிற்கிறானேயன்றி எழுவாயாக நிற்கவில்லை. 'நான் எப்பணிக்கு உரியவன்?' என்று பிள்ளையே எழுவாயாக நின்று கேட்கும் வினா பல வீடுகளில் எழுவதே இல்லை. எழுந்தாலும் அதற்கு விடை காணும் வழி தெரிவதில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து செயல்வகை' என்றோர் அதிகாரமும் 'தெரிந்து வினையாடல்' என்றோர் அதிகாரமும் உள்ளன. முன்னது செய்யத்தக்க செயலை ஆராய்ந்து தேர்வது பற்றியது. பின்னது செயலுக்குரிய ஆளை ஆராய்ந்து தேர்வது பற்றியது. அரசியலில் வைத்துக் கூறப்பட்ட இவ்விரண்டும் ஒவ்வோர் இளைஞனுக்கும் வேண்டுவனவே. தன் வாழ்க்கை என்னும் சிறு நாட்டிற்கு அவனே அரசன், அவனே பணியாளன். செயலையும் அவனே தேரவேண்டும். அச்செயலுக்குத் தான் தக்கவனா என்பதையும் அவனே ஆராயவேண்டும். ஈண்டு இளைஞன் என்று கூறுவன யாவும் பெண்மக்களுக்கும் பொருந்துவனவாம்.

இவ்வாராய்ச்சிக்குத் துணையாகும் வாழ்க்கை வரலாறுகளுள் டாக்டர் உ.வே.சாமிநாதையரின் வரலாறு தலைசிறந்தது. அவர் ஏடு தேடிய கதையை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். அவர் தம் பணியை எவ்வாறு கண்டடைந்தார் என்பதை அத்துணை நுணுகி நோக்கியதில்லை. தனக்குரிய தொழில் பதவியோடு உடன்வந்து சேர்வதில்லை. பதவி பெற்ற பின்னரும் தேடிக் கண்டடைய வேண்டியதாக அது இருக்கக்கூடும். இவ்வுண்மையை அவர் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைக் குடும்பத்தில் தமிழ் வேட்கை

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். அவர்தம் முன்னோர் ஊர் தஞ்சைப் பகுதியைச் சார்ந்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று இசைப்பாடல்களோடு இராமாயணக் கதை கூறி அதனால் வரும் பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்தி வந்தார். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது அவருடைய இயல்பான விருப்பம்.

ஆனால் சிறுவன் உள்ளம் தமிழில் சென்றது. அரியலூரில் சடகோபையங்கார் என்னும் ஆசிரியர் செய்யுளின் சுவையை அவனுக்குக் காட்டினார். அதன்பின் குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகத் தமிழறிந்தாரைத் தேடிக் குடும்பமே குடிபெயர்ந்தது. அக்காலத்தில் ஆங்கிலம் கற்றவர்க்கு அரசுப் பணி காத்திருந்தது; தமிழ் மட்டும் கற்றவர்க்கு வாழ்வுக்கு உறுதியில்லை. உறவினர் ஐயுற்றனர், அறிவுரை கூறினர். 1868ஆம் ஆண்டில் திருமணமும் நடந்துவிட்டது. வறுமையும் கடனும் வீட்டை விட்டு நீங்கவில்லை. இத்தனைக்கும் இடையே தமிழ்மீது கொண்ட வேட்கை தணியவில்லை.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. அந்த வேட்கையைச் சான்றிதழோ மதிப்பெண்ணோ எடுத்துக்காட்டவில்லை. யாரும் ஏவாதபோதும் பயன் ஒன்றும் கண்முன் தெரியாதபோதும் அவன் உள்ளம் மீண்டும் மீண்டும் எதனை நாடிச் சென்றதோ அதுவே அவன் இயல்பைக் காட்டியது. 'எனக்கு எதில் விருப்பம் என்று எனக்கே தெரியவில்லை' என்று கூறும் மாணவர் பலர். அவர்கள் தம் உள்ளத்தை மட்டும் உற்று நோக்கிக் கொண்டிருந்தால் விடை கிடைப்பது அரிது. தம் ஓய்வு நேரம் எங்கே செல்கிறது என்பதை நோக்கினால் ஓரளவு விளங்கும்.

ஒன்றைப் பெற ஒன்றை விடுதல்

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சாமிநாதையர் மாணவராகச் சேர்ந்தார். கொண்டு சென்று சேர்த்தவர் தந்தையாரே. அவ்வூரில் அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். குடும்பக் கலையை விட்டுவிடக் கூடாது என்னும் எண்ணத்தால் ஐயர் அவரிடம் சிலகாலம் இசையும் பயின்றார். பிள்ளையவர்களோ இசைப்பயிற்சியில் உள்ளம் சென்றால் இலக்கியப் பொருளில் கருத்து ஊன்றாது என்று கருதினார். ஆசிரியரின் கருத்தறிந்த ஐயர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

இது சிறிய இழப்பன்று. தந்தை வழியாக வந்த செல்வம் அது. அவருக்கும் இனிமையாக இருந்தது. தீயதை விடுதல் எளிது. நல்லன இரண்டனுள் ஒன்றை விடுதலே அரிது. தொழில் தேர்வில் நாம் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்தில்தான். எல்லாவற்றையும் கைக்கொள்ள நினைத்து எதிலும் நிலைகொள்ளாமல் போகும் திறமையாளர் நம்மிடையே குறைவல்லர்.

ஆனால் அவ்விழப்பு முழு இழப்பாகவும் முடியவில்லை. பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையரைப் பற்றியும் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியும் ஐயர் நூல்கள் எழுதினார். பாட்டாக வெளிப்படாத இசையறிவு உரைநடையாக வெளிப்பட்டது. ஒரு துறையில் உறுதியாக நிற்பவனிடம் அவன் விட்டுவந்த துறையும் பின்னொரு நாள் வந்து சேர்வதுண்டு.

பதவி வந்தது, பணி வரவில்லை

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி முதல் நாள் மறைந்தார். அதன்பின் ஐயர் திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்து பாடம் கேட்டும் சொல்லியும் வந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. ஓய்வுபெறும் நிலையில் இருந்த அவர் தம் இடத்திற்குத் தக்கவர் யாரெனத் தேடிச் சாமிநாதையரைத் தேர்ந்தார், அவருக்காகப் பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில் ஐயர் கல்லூரி ஆசிரியரானார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து.

கல்லூரிப் பதவி, மாதச் சம்பளம், மாணவர் மதிப்பு ஆகிய மூன்றும் கிடைத்தன. நம் காலத்து வழக்கில் கூறுவதாயின் அவர் 'செட்டில்' ஆகிவிட்டார். பெற்றோரின் கவலை தீர்ந்தது. இத்துடன் அவர் மனநிறைவு கொண்டிருந்தால் கும்பகோணம் கல்லூரியின் நல்லாசிரியர் வரிசையில் ஒரு பெயராக மட்டும் நின்றிருப்பார். அவருக்குரிய பணி அதுவரை அவரை வந்து அடையவில்லை. அப்படியொரு பணி இருப்பதையே அவர் அறியார்.

ஒரு வினா

அதே 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், வியாழக்கிழமை. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று தாம் கற்றனவற்றை ஐயர் அடுக்கிக்கொண்டே சென்றார். முதலியார் வியக்கவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டார். இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் பார்த்திருக்கிறீர்களா என்றும் வினவினார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று அவர் சொன்ன நூல்களை ஐயர் படித்ததில்லை.

கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரிடம், தமிழாசிரியரல்லாத நீதித்துறை அலுவலர் ஒருவர் இவ்வாறு கேட்கிறார். எளிதில் சினம் எழக்கூடிய இடம் இது. 'இவர் யார் என்னைக் கேட்பதற்கு?' என்று எழுந்து வந்துவிடுவது நம்மில் பலர்க்கு இயல்பாக இருக்கும். ஐயரின் உள்ளமும் வாடத்தான் செய்தது. ஆயினும் நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்றார், மறுபடியும் சென்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தார்.

ஐயரின் வாழ்வுப்பணி தொடங்கிய இடம் இதுவே. தாம் எதில் வல்லவர் என்று எண்ணியிருந்தாரோ அத்துறையிலேயே தம் அறியாமையைக் கண்டபோது அவர் அதனைவிட்டு விலகவில்லை, இன்னும் நெருங்கினார். ஒரு தொழில் நமக்குரியதா என்பதற்கு இதனினும் சிறந்த சோதனை வேறில்லை. நம் குறையைப் பிறர் சுட்டிய மறுநாளும் அதே வேலைக்கு விருப்பத்தோடு செல்கிறோமா? செல்வோமாயின் அது நமக்குரியது. புகழ் கிடைக்கும் வரையில் மட்டும் அவ்வேலை இனித்ததென்றால் நாம் விரும்பியது புகழையேயன்றித் தொழிலையன்று.

அறியாமை திறந்த வாயில்

சிந்தாமணி அவருக்கு எளிதில் விளங்கவில்லை. திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் சமண சமயக் கருத்துகள் செறிந்தது. சைவ நூல்களையே மிகுதியும் கற்றிருந்த ஐயருக்கு அதன் சொல்லும் மரபும் புதியனவாக இருந்தன. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை அவர் தேடிச் சென்றார். அவர்களுள் ஒருவர் வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. சிந்தாமணியை முழுவதும் படித்துக் கேட்டு நிறைவு செய்ததற்காகவே அவ்வீட்டில் அந்த அலங்காரம் என்று அறிந்து வியந்தார். தாம் பொருள் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நூலைத் தம் ஊரிலேயே மற்றொரு சமூகத்தார் போற்றிப் பயின்று வருவதைக் கண்டார். கல்லூரி ஆசிரியர் என்னும் எண்ணத்தை ஒதுக்கி வைத்து அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார்.

நச்சினார்க்கினியர் சிந்தாமணி உரையில் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்கள் பலவற்றைக் காட்டுகிறார். அவை எந்த நூலைச் சார்ந்தவை என்பது விளங்கவில்லை. அவற்றைத் தேடப் புகுந்த ஐயர் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே சங்க நூல்களைக் கண்டார். ஒரு நூலின் ஐயம் அடுத்த நூலுக்கு வழிகாட்டியது. ஒரு பணி அடுத்த பணியைப் பெற்றெடுத்தது. தம் வாழ்நாள் முழுவதற்கும் உரிய திட்டத்தை முன்னரே வரைந்து வைத்துக்கொண்டு அவர் புறப்படவில்லை. கையிலிருந்த நூலைச் செம்மையாகச் செய்தார். அடுத்த படி தானே புலப்பட்டது.

சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. முதலியாரின் வினாவுக்கும் அந்நூல் வெளியீட்டுக்கும் இடையே ஏழாண்டுகள். தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. மணிமேகலைக்காகப் பௌத்த சமயக் கொள்கைகளைப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் துணையுடன் கற்றார். குறுந்தொகையை 1937இல் பதிப்பித்தபோது அவருக்கு அகவை எண்பத்திரண்டு. 1942 ஏப்ரல் 28இல் மறையும் வரை எழுத்துப்பணி ஓயவில்லை.

உழைப்பின் வறண்ட பகுதி

எத்தொழிலிலும் ஒளிமிக்க பகுதி ஒன்றும் வறண்ட பகுதி ஒன்றும் உண்டு. மேடையில் மாலை பெறுவது ஒளிமிக்க பகுதி. பூச்சியரித்த ஏட்டை விளக்கொளியில் பிரித்து எழுத்தெழுத்தாகப் படிப்பது, புள்ளியும் சுழியும் வேறுபாடின்றி எழுதப்பட்ட சுவடியில் எகரமா ஏகாரமா என்று ஓர்வது, பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிப்பது, அச்சுப்படி திருத்துவது ஆகியன வறண்ட பகுதி. ஐயருடைய நாள்களில் மிகப்பெரும் பகுதி இவ்விரண்டாவதிலேயே கழிந்தது.

மருத்துவராக விரும்பும் மாணவன் வெள்ளை அங்கியை மட்டும் எண்ணிப் பார்க்கிறான். இரவுப் பணியையும் நோயாளியின் அழுகுரலையும் எண்ணுவதில்லை. ஆசிரியராக விரும்புபவன் வணக்கத்தை எண்ணுகிறான். நூறு விடைத்தாள்களை எண்ணுவதில்லை. ஒரு தொழிலின் வறண்ட பகுதியையும் பொறுமையோடு, ஏன், ஒருவகை இன்பத்தோடு எவன் ஏற்கிறானோ அவனே அத்தொழிலுக்குரியவன்.

வயிற்றுப்பாடும் உள்ளத்தின் பணியும்

'இவையெல்லாம் பொருள் உள்ளவர்க்குப் பொருந்தும். குடும்பச் சுமை உள்ளவன் என் செய்வான்?' என்று ஒரு மாணவர் கேட்பாராயின் அது நேர்மையான வினா. தங்கையின் திருமணம், தந்தையின் நோய், வீட்டுக்கடன் இவற்றுக்கு நடுவே கடல்கடந்து பொருளீட்டச் செல்லும் இளைஞர்களை நம் ஊர்கள் நன்கறியும். அவர்களை நோக்கி 'உன் உள்ளம் சொல்வதைக் கேள்' என்று மட்டும் கூறுவது பொறுப்பான அறிவுரை ஆகாது.

ஐயரும் குடும்பச் சுமை உடையவரே. கல்லூரிச் சம்பளமே அவர் குடும்பத்தைத் தாங்கியது. பதிப்புப்பணி அப்பதவியின் கடமைகளுள் ஒன்றன்று. கல்லூரி நேரம் போக எஞ்சிய பொழுதிலும் விடுமுறைகளிலும் அதனைச் செய்தார். அச்சுச் செலவுக்காகப் பலரிடம் சென்று முன்கூட்டியே நூல் வாங்குவதற்குக் கையொப்பம் பெற்றார். பிழைப்புக்குரிய வேலையைக் குறைவின்றிச் செய்தவாறே உள்ளத்துக்குரிய பணியையும் வளர்த்தார். ஆகவே வருவாய்க்காக ஒரு வேலையை ஏற்க நேர்ந்தவர் தம் இயல்பை இழந்துவிட்டதாக எண்ண வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் தமக்குரிய பணிக்கென்று காத்துவைத்தால் போதும். காலம் வரும்போது அது விரிவடையும். அந்த ஒரு மணி நேரத்தையும் வீண்பொழுதுக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தைக் குறைகூறுதல் முறையன்று.

மூவர்க்கும் ஒரு பங்கு

ஒருவன் தனக்குரிய தொழிலைத் தனியே கண்டடைவதில்லை. ஐயரின் வரலாற்றில் பெரியோர், ஆசிரியர், மாணவர் ஆகிய மூவர்க்கும் உரிய கடமைகள் காணக் கிடக்கின்றன.

பெரியோர்க்கு: வேங்கடசுப்பையர் மகன் இசைவாணனாக வேண்டும் என்று விரும்பினார். மகனின் இயல்பு வேறென்று கண்டபின் தம் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராக ஆசிரியரைத் தேடி அலைந்தார். பிள்ளைக்கு அவர் கொடுத்த பெருஞ்சொத்து இதுவே. இராமசுவாமி முதலியார் உறவினரல்லர், ஆசிரியருமல்லர். ஆயினும் இளைஞர் ஒருவரைப் புகழ்ந்து அனுப்பிவிடாமல் உரிய வினாவைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் கையில் நூலையும் கொடுத்தார். வினாவும் உதவியும் சேர்ந்து வரவேண்டும். குறையை மட்டும் சுட்டி உதவி செய்யாத பெரியோரால் இளைஞர் உள்ளம் சோரும்.

ஆசிரியர்க்கு: தியாகராச செட்டியார் தமக்குப்பின் யார் என்று எண்ணிப் பார்த்தார். அந்நன்றியை மறவாத ஐயர் பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' என்றே பெயரிட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ சமயம் பாராமல் மாணவர்க்குத் தமிழை வழங்கினார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் (1833–1908) அவரிடம் பாடம் கேட்டவரே. ஓர் ஆசிரியரின் வாயில் திறந்திருந்தமையால் ஏடுகளை மீட்ட பதிப்பாசிரியர் ஒருவரும், நாவலர் என்று நாடு போற்றிய இசுலாமியப் புலவர் ஒருவரும் தத்தமக்குரிய வழியில் வளர்ந்தனர். மாணவரைத் தம்மைப்போல் ஆக்குவதினும் அவரவர் இயல்பில் வளரவிடுதலே ஆசிரியர்க்கு அழகு.

மாணவர்க்கு: நான்கு வினாக்களை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். யாரும் ஏவாதபோது என் உள்ளம் எதனை நாடுகிறது? அதன் வறண்ட பகுதியையும் நான் பொறுத்துக்கொள்வேனா? என் அறியாமை வெளிப்பட்ட பின்னும் அதனைத் தொடர்வேனா? அதனால் எனக்கன்றிப் பிறர்க்கும் பயனுண்டா? நான்கிற்கும் 'ஆம்' என்று விடை வரும் துறையில் துணிந்து செல்லுங்கள். விடை இன்னும் தெளியவில்லையெனில் அஞ்ச வேண்டா. கையிலுள்ள பாடத்தைச் செம்மையாகச் செய்யுங்கள். ஐயருக்கும் தம் பணி இன்னதென்று கல்லூரி ஆசிரியரான பின்னரே தெரிந்தது.

முடிவுரை

தனக்குரிய தொழில் என்பது பிறக்கும்போதே நெற்றியில் எழுதி வைக்கப்பட்டதுமன்று. மதிப்பெண் பட்டியலில் அச்சிடப்பட்டு வருவதுமன்று. விருப்பத்தில் முளைத்து, ஆசிரியரால் வளர்ந்து, இழப்பால் உறுதிபெற்று, ஒரு நல்ல வினாவினால் திசைபெற்று, நெடுநாள் உழைப்பில் வெளிப்படுவது அது. இசைவாணராகியிருக்கக்கூடிய ஒருவர் தமிழாசிரியரானார். தமிழாசிரியராகவே ஓய்ந்திருக்கக்கூடிய அவர், தம்மை நோக்கி எழுந்த வினாவைப் பகையாகக் கொள்ளாமல் ஏற்றமையால் பழந்தமிழ் நூல்களை மீட்டுத் தந்தார். இன்று நம் மாணவர் புறநானூற்றையும் சிலப்பதிகாரத்தையும் பாடநூலில் விரித்துப் படிக்கின்றனர். அப்பக்கங்களுக்குப் பின்னால் அந்த வியாழக்கிழமை நிற்கிறது.

அத்தகைய நாள் நம் மாணவர் ஒவ்வொருவர்க்கும் என்றேனும் வரும். அதனை இன்முகத்தோடு ஏற்கும் பணிவை மாணவரும், அவ்வினாவை அன்போடு கேட்கும் துணிவை ஆசிரியரும், அவர்க்கு வழிவிடும் பெருந்தன்மையைப் பெற்றோரும் பெறுவார்களாக.